மாஸ்டரின் சில்லென்ற விரல்கள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மாஸ்டர் வெட்டிய சட்டை ஒன்று திரும்பி வந்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. தெருவில் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அந்தத் தையல்கடையில் மட்டும் எல்லா மெஷினும் ஒரு கணம் நின்றன.

"வயித்தப் பிடிக்குது மாஸ்டர்," என்றார் சட்டைக்குச் சொந்தக்காரர்.

"சட்டை வயித்தப் பிடிக்காது சார். வயிறுதான் சட்டையப் பிடிக்கும். வீட்ல சாப்பாடு பலமோ?"

ஒரு சட்டையோடு நின்றிருந்தால் மாஸ்டரின் நாக்கே சமாளித்திருக்கும். ஆனால் வரிசையாக வந்தன. எல்லாம் வயிற்றில் இறுக்கம். கடை முதலாளி, மாஸ்டரின் மனைவிக்குத் தம்பி. மரியாதை தெரிந்த மனிதர். கழுத்தை அறுப்பதானாலும் 'அத்தான்' என்று கூப்பிட்டுவிட்டுத்தான் அறுப்பார்.

"அத்தான், கண்ணு மங்கிடுச்சோ என்னமோ. எனக்கு ஒரு சட்டை வெட்டித் தைங்க. சரியா வந்தா வெட்டுற மேஜை உங்களுது. இல்லேன்னா கத்திரிய புதுசா வந்தவர்கிட்ட குடுத்துட்டு, நீங்க பட்டன் பக்கம் உக்காந்துக்குங்க. பட்டனும் முக்கியம்தானே."

பட்டன் முக்கியம் என்று சொல்கிறவர்கள் யாரும் பட்டன் தைப்பதில்லை.

மாஸ்டர் வீட்டுக்கு நடந்தார். கொஞ்ச நாளாகவே மாடிப்படி மலையாகிவிட்டிருந்தது. நெஞ்சுப் படபடப்புக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை படபடப்பை அடக்கியது. கையோடு மாஸ்டரையும் அடக்கிவிட்டது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அசதி என்பது அடுத்தவர்களுக்கு வருவது என்பது அவர் கட்சி.

கண்ணைச் சோதிக்க மனைவியை நிற்க வைத்து இடுப்பில் டேப்பைச் சுற்றினார். அந்த அம்மாள் துள்ளிவிட்டாள்.

"கையா இது, ஐஸ்கட்டியா? எடுங்க முதல்ல."

மாஸ்டர் டேப்பைப் பார்த்தார். "இவ்வளவு ஒல்லியாவா இருக்க நீ?"

"கல்யாணத்தன்னிக்கே நான் அவ்வளவு ஒல்லி இல்ல. இப்ப உங்க கை பட்ட கூச்சத்துல வயிறு உள்ள போயிடுச்சு."

மாஸ்டர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். விரல் பட்டதும் ஊரே மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளியிருக்கிறது. அவர் உள்ளே போன வயிற்றுக்குத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

விஷயத்தைக் கேட்டு டாக்டர் அசரவில்லை. "இந்த மாத்திரைக்குச் சிலருக்குக் கை கால் சில்லுனு ஆகும். அசதி, கெட்ட கனவு, கவனம் சிதறுறது, இதெல்லாமும் வரலாம்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே டாக்டர்."

"சொன்னா அன்னைக்கு ராத்திரியே எல்லாருக்கும் வந்துடுது. நீங்களா நிறுத்திடாதீங்க. அடுத்த வாரம் வாங்க, அளவக் குறைக்க முடியுமான்னு பாப்போம். அசதி எப்படி இருக்கு?"

"அசதியா? எனக்கா? கை மட்டும்தான் டாக்டர்."

மறுநாள் மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியின் மேல் உள்ளங்கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டு மைத்துனரை அளந்தார். அந்த வயிறு கூச்சமில்லாமல் தன் சுயரூபத்தோடு நின்றது. இந்தச் சட்டையை வேறு யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, தானே வெட்டினார், தானே தைத்தார். மத்தியானம் தலை துணியின் மேல் சாய்ந்தது. தட்டி எழுப்பியவரிடம், "யோசிச்சிட்டிருந்தேன்யா," என்றார். சாயங்காலமும் யோசித்தார்.

மைத்துனர் சட்டையைப் போட்டுப் பார்க்கும்போது கடையே வேலையை விட்டுவிட்டுக் கூடியது. மேலிருந்து கீழ்வரை பட்டன்கள் துளைக்குள் வழுக்கிக்கொண்டு போயின. வயிற்றில் ஒரு சுருக்கம் இல்லை.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "கண்ணுல ஒண்ணும் இல்ல மாப்பிள்ளே. மாத்திரை பண்ணுன வேலை. மத்தபடி, வெட்டு அதே பழைய வெட்டு."

மைத்துனர் கண்ணாடி முன்னால் வலது கையை உயர்த்தினார். அது பாதியில் நின்றது. தோளைத் தடவிப் பார்த்தார். கையை மடக்கிப் பார்த்தார்.

"அத்தான்," என்றார் மிகுந்த மரியாதையோடு.

சட்டையின் இரண்டு கையும் இடது கை.