சுவர் ஈரத்தை அனுப்பிவைத்தல்

எங்கள் பக்கத்தில் மழைக்கு வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் வந்த வழியே போய்விடும். சுவருக்குள் ஏறிக்கொண்ட தண்ணீரைத்தான் வழியனுப்பி வைக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக எனக்கு இதுதான் தொழில்.

முதலில் ஊறிப்போன பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுப்பேன். ஃபேன் வைத்து ஒரு மாதம் காயவிடுவேன். கடைசியில் ஈரம் கூடத்துக்கு இறங்கி வரும். வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று "போங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், அப்புறம் அதற்கு அந்தத் தெருவே அகப்படாது. ஆனால் நம் ஜனங்களுக்கு வாய் சும்மா இருக்காதே. பழக்கதோஷத்தில் "போயிட்டு வாங்க" என்று சொல்லித் தொலைப்பார்கள். போன வருஷம் ஒரு பேங்க் மேனேஜர் அப்படித்தான் சொன்னார். இந்தக் கார்த்திகையில் அது சொந்தபந்தத்தோடு வந்து இறங்கியது. எனக்கு வந்த கோபத்துக்கு அவர் வீட்டில் காபிகூடக் குடிக்கவில்லை.

மரகதவல்லி அம்மா வீட்டிலும் இரண்டு தடவை அதே தப்பு. இன்னொரு தடவை ஊறினால் சுவர் நிற்காது என்று இஞ்சினியர் கையை விரித்துவிட்டார். அந்த அம்மாவுக்கு அந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. பதினொரு வருஷமாகத் தனியாள்.

"இந்தத் தடவை வாயை அடக்கணும்மா."

"பழகிக்கிறேன் மேஸ்திரி."

நிஜமாகவே பழகினார். ஒரு வாரம் வாசலுக்கு வந்த எல்லாரிடமும் "போங்க" என்றே சொன்னார். பால்காரருக்கு இப்போது அந்தத் தெரு அகப்படுவதில்லை.

வெள்ளிக்கிழமை அனுப்பக் கூடாது என்பதால் சனிக்கிழமை காலை வைத்துக்கொண்டோம். தண்ணீர் சுவர்களிலிருந்து இறங்கி, கூடத்தில் ஓர் ஆள் உயரத்துக்குக் கூடி நின்றது. தையல் மிஷினை ஒருமுறை தொட்டுப் பார்த்தது. வாசற்படிக்கு வந்ததும் திரும்பியது.

"நாப்பது நாள் நல்லா வெச்சிருந்தீங்க. எனக்குத் தெரியணும்னு டிவியைக்கூடத் திருப்பி வெச்சீங்க" என்றது.

அந்த அம்மாவின் உதடு துடித்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"போங்க" என்றார்.

தண்ணீர் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு படியிறங்கிப் போனது. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். அப்பளம் மாதிரிக் காய்ந்திருந்தது. அந்த அம்மா அழுதார்.

"வீடு தப்பிச்சுதும்மா" என்றேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பூச்சு வேலையைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பையை எடுத்தேன். வாசலில் நின்று, "போயிட்டு வரேம்மா" என்றேன்.

"போங்க" என்றார், கண்ணைத் துடைத்தபடியே. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

தெருமுனைக்கு வந்த பிறகு, பூச்சுக் கரணையை அவர் ஜன்னலிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பினேன். அங்கே தெரு இல்லை, பஸ் ஸ்டாப் இருந்தது. தண்ணீர் அங்கே நின்றுகொண்டிருந்தது.

பஸ் வந்தது. கண்டக்டர் "ரெண்டு பேரா?" என்றார். ஆமாம் என்றேன். தண்ணீர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டது.

"அந்த அம்மா வீட்டுக்கு இனிமே யார் வருவாங்க?" என்று கேட்டது.

என் வீட்டு வடக்குச் சுவர் சும்மாதான் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அங்கிருந்து டிவி தெரியுமா என்று கேட்டது.