அத்தை உட்கார்ந்தால் போகும் ஃபியூஸ்

அத்தை பின் சீட்டின் நடுவில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தச் சொன்னாள். கார் நூறடி ஓடியது, ஒரு குலுக்கு குலுக்கியது, நின்றுவிட்டது. இந்த மாதத்தில் இது ஐந்தாவது தடவை.

மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான். அவன் தனியாகப் போனால் மூச்சுக் காட்டாமல் ஓடும் கார் அது. மனைவியோடு போனாலும் ஓடும். மாமியார் ஏறினால் மட்டும் உயிரை விடும். மனைவி நேற்றே முடிவாகச் சொல்லிவிட்டாள்: "நாளைக்கு அம்மாவை பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. வழியில நின்னுச்சு, பழைய இரும்புக் கடைக்காரருக்கு ஃபோன் போட்டுடுவேன். நம்பர் எடுத்து வெச்சாச்சு."

வாய்ப் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை அவள். கல்யாணத்துக்கு முன்பே அவன் வாங்கிய கார் அது. அவளைப் பொறுத்தவரை சக்களத்தி. அதைக் கிலோ கணக்கில் எடைபோட்டுத் தூக்கிக் கொடுப்பதை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"என்ன மாப்பிள்ளை, பெட்ரோல் தீர்ந்துடுச்சா?"

"இல்ல அத்தை, ஃபியூஸ்."

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைத் திறந்து, பெட்ரோல் பம்புக்கான நீல ஃபியூஸைப் பிடுங்கினான். உள்ளே இருந்த மெல்லிய கம்பி கருகி அறுந்திருந்தது. கைவசம் வேறு ஃபியூஸ் இல்லை. சட்டைப் பையில் இருந்த சாக்லேட்டைப் பிரித்து, வெள்ளித்தாளைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"கையை எடு தம்பி!"

எதிர் ஷெட்டிலிருந்து ஒயர் அக்கா வந்துகொண்டிருந்தாள். அந்த வட்டாரத்துக் கார்களின் மின்சாரக் கோளாறெல்லாம் அவள் கையில்தான். "தாளைச் சுருட்டி வெச்சா ஃபியூஸ் போகாதுதான். அதுக்குப் பதிலா வண்டி எரியும். பரவாயில்லையா?"

அவன் சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டு, அசடு வழிய நின்றான்.

காரை ஷெட்டுக்குள் தள்ளினார்கள். அத்தைக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். அக்கா ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை ஒயர் வைத்துச் செருகினாள். "இது மங்கலா எரிஞ்சா சரி. பளிச்சுனு எரிஞ்சா எங்கேயோ ஒயர் பாடியில இடிக்குதுன்னு அர்த்தம்."

சாவியைத் திருப்பினாள். பல்பு மங்கலாக எரிந்தது. ஒயர்களை ஆட்டினாள், பானெட்டைத் தட்டினாள், காரையே பிடித்து உலுக்கினாள். பல்பு அசைந்துகொடுக்கவில்லை.

"எப்பதான் தம்பி போகுது?"

மாப்பிள்ளை ஸ்டூலை ஓரக்கண்ணால் பார்த்தான். "அது... ஆள் உக்காந்தா."

"எந்த ஆள்?"

"பெரியவங்க."

"நான்தான்" என்றாள் அத்தை. "நான் உக்காந்தாதான் நிக்குது. இதுக்கு எதுக்கு இழுக்கறீங்க?"

சொன்னதோடு நிற்காமல் எழுந்து போய்க் காரில் ஏறினாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. இறங்கினாள், மங்கியது. ஒயர் அக்காவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "இன்னொரு தடவை உக்காருங்கம்மா! ஆங்! எழுந்திருங்க! உக்காருங்க!" என்று ஏழு தடவை ஏற்றி இறக்கினாள். மாப்பிள்ளைக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"சீட்டுக்கு அடியிலதான் ஒயர் போகுது. தூக்கிப் பார்த்துடலாம்" என்றாள் அக்கா.

அவன் சீட்டுக்குக் குறுக்கே கையை நீட்டினான். "சீட்டு வேண்டாம்கா. அது வராது. துரு."

துருவாவது ஒன்றாவது. அத்தை நடுவில் உட்காருவதே ஸ்பீடோமீட்டரைப் பார்க்கத்தான். "மாப்பிள்ளை, நாப்பத்திரண்டு." "மாப்பிள்ளை, அம்பதைத் தொட்டாச்சு." வழி நெடுக இதே பாட்டு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன், நாலு மாதத்துக்கு முன்பு யாரும் இல்லாத நேரம் பார்த்து, நடு சீட்டுக்கு அடியில் இருந்த நாலங்குல ஸ்பாஞ்சை உருவித் தூக்கிப் போட்டுவிட்டான். அன்றிலிருந்து அத்தை பள்ளத்தில் உட்கார்ந்தாள், ஸ்பீடோமீட்டர் தெரியவில்லை, காரில் அமைதி நிலவியது.

அக்கா ஒரே இழுப்பில் சீட்டைத் தூக்கிவிட்டாள். சீட்டின் ஸ்பிரிங் நேராக ஒயர் மேல் இறங்கி, தோலை உரித்து, செம்பு தெரியத் தேய்த்திருந்தது.

"ஸ்பிரிங் இவ்வளவு கீழே வரக் கூடாதே. இங்க இருந்த ஸ்பாஞ்சு எங்க?"

அத்தை குனிந்து, சதுரமாக வெட்டி எடுத்த அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். பிறகு மருமகனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"நாலு மாசமா நான் குள்ளமாயிட்டே வரேன்னு நினைச்சேன் மாப்பிள்ளை" என்றாள். "எலும்பு தேயுதோன்னு டாக்டரைப் பார்த்து, தினம் ரெண்டு மாத்திரை முழுங்கறேன்."

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தை எத்தனையோ தடவை சுவரில் பென்சிலால் கோடு போட்டு உயரம் அளந்துகொண்டதை அவன் பார்த்திருக்கிறான். ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்துச் சிரித்திருக்கிறான். "தப்புதான் அத்தை" என்றான்.

அப்போது அத்தையின் ஃபோன் அடித்தது. மகள்தான். குரல் ஷெட் முழுக்கக் கேட்டது. "வண்டி நின்னுடுச்சாம்மா? உண்மையைச் சொல்லு. அந்த இரும்புக் கடைக்காரர் பக்கத்துத் தெருவுலதான் இருக்காராம்."

மாப்பிள்ளை காரின் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அத்தை அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவசரப்படவே இல்லை.

"நின்னுச்சு. ஆனா வண்டி மேல தப்பில்லடி" என்றாள். "சீட்டுக்கடியில எலி பூந்திருக்கு. ஸ்பாஞ்சைப் பூரா தின்னுடுச்சு. ஒயர் அரை மணியில சரியாயிடும். நான் இதுலயே போய்க்கறேன். கடைக்காரரை வர வேண்டாம்னு சொல்லு."

ஃபோனை வைத்தாள். மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. காலில் விழலாமா என்றுகூட யோசித்தான்.

அத்தை கைப்பையை மாட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "அந்த எலிகிட்ட சொல்லிடுங்க மாப்பிள்ளை" என்றாள். "சாயங்காலத்துக்குள்ள புது ஸ்பாஞ்சு வந்தாகணும். ஆறு அங்குலம்."