கன்னத்துக்குள் ஓடிய மில்

செவ்வந்தியின் இடது கன்னத்துக்குள் நெல் மில் ஓடத் தொடங்கி இருபது நாள் ஆகியிருந்தது. முதலில் அது தூரத்து மில். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மட்டும் நன்னிலம் சாலையிலிருந்து கேட்கும். பிறகு கிட்டே வந்தது. கார்த்திகை மழை விட்டு, சம்பா வயல்களில் வானம் விழுந்து கிடந்த நாட்களில், மில் அவள் தாடைக்குள்ளேயே குடிவந்துவிட்டது. அதன் பெல்ட் சுற்றுவது கண்ணுக்குப் பின்னால் வரை அதிர்ந்தது.

அண்ணன் இராஜாங்கத்திடம் அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"அண்ணா, கன்னத்துல மில்லு ஓடுது. மில்லுக்காரன் நிறுத்த மாட்டேங்கிறான்."

இராஜாங்கம் நல்லவர். தங்கைக்கு நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வயதிலிருந்து மனச்சிதைவு நோய். பெற்றோர் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டு, மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். யாருமில்லாத இடத்தில் ஆட்கள் பேசுவதாக அவள் சொல்வது அவருக்குப் பழகிப்போனது. மில்லுக்காரனையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். மனநல டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னார், மாத்திரை கூடியது. மாத்திரை கூடியதும் நாக்கு காய்ந்தது. காய்ந்த வாய்க்குச் செவ்வந்தி கல்கண்டு அடக்கிக்கொண்டாள். கல்கண்டு கரையக் கரைய மில் வேகமெடுத்தது. சோற்றுத் தட்டைத் தள்ளினாள். ஒருநாள் வீசியே விட்டாள்.

"இனிமே என்னால ஆகாதும்மா," என்றார் இராஜாங்கம், சிதறிய சோற்றை அள்ளியபடி.

திங்கட்கிழமை அவளைத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மனநோயாளர் இல்லத்தில் சேர்ப்பதென்று முடிவானது. போனால் திரும்பும் வழி அவளுக்குத் தெரியாது. கனவில் வழியெல்லாம் தண்ணீராக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எழில்மொழி வந்தாள். மாதா மாதம் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் துறைப் பெண். அவள் எதிரிலேயே இராஜாங்கம் தங்கைக்குக் காலை மாத்திரையைக் கொடுத்தார்.

"ஆ காட்டு. நாக்கைத் தூக்கு." போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்தார். "சரி, முழுங்கிட்டா."

முன்பொருமுறை அவள் மாத்திரையை நாக்கடியில் ஒளித்துவைத்து வாய்க்காலில் துப்பியிருந்தாள். அன்றிலிருந்து பதினோரு வருஷமாகத் தினம் இரண்டு வேளையும் இந்தச் சோதனை நடக்கிறது.

"அண்ணே, இன்னொரு தடவ அடிங்க," என்றாள் எழில்மொழி.

"முழுங்கிட்டாம்மா. நான் பாத்துட்டேன்."

"மாத்திரையப் பாத்தீங்க. பல்லப் பாத்தீங்களா?"

வெளிச்சம் மறுபடி விழுந்தது. இடது கடைவாயில் பல் இருந்த இடத்தில் கறுத்த ஓடு மட்டும் நின்றது. சுற்றிலும் ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. இராஜாங்கம் கிட்டே குனிந்து பார்த்தார். எத்தனை ஆயிரம் தடவை எட்டிப் பார்த்த வாய் அது.

"இந்த மாத்திரைக்கு எச்சில் வத்திடும்ணே. பல்லு சீக்கிரம் சொத்தையாயிடும். பாவம், வலிக்குதுன்னு சொல்லத் தெரியல இவங்களுக்கு."

"சொன்னேனே," என்றாள் செவ்வந்தி. "மில்லு ஓடுதுன்னு."

இராஜாங்கம் வண்டிச் சாவியை எடுத்தார்.

அன்றே மூவரும் அரசு ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குப் போனார்கள். நாற்காலி பின்னால் சாய்ந்ததும் செவ்வந்திக்குக் குளத்தில் மல்லாக்க விழுவது போல இருந்தது. எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டாள்.

"சாய வேணாம்க்கா. உக்காந்தே பாக்கலாம்," என்றார் டாக்டர் நௌஷாத். இளவயசு, குரல் தாழ்ந்திருந்தது.

இராஜாங்கம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், இவ முன்னல்லாம் எங்கூடத் தண்ணி பாய்ச்ச வருவா. கடைசி வரப்புல நின்னு, தண்ணி வந்து சேந்ததும் கையத் தூக்குவா. நான் மோட்டார நிறுத்திடுவேன். அப்படி வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாமே. கையத் தூக்குங்கக்கா, நான் நிறுத்திடுறேன்."

செவ்வந்தி திரும்பி வந்து உட்கார்ந்தாள். வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியை அவர் எடுக்கும்போதே கையைத் தூக்கினாள். அவர் கீழே வைத்தார். ஊசி கிட்டே வந்தபோது தூக்கினாள். வைத்தார். மூன்றாம் முறை, நிறுத்துகிறாரா என்று பார்க்கவே தூக்கினாள். அப்போதும் வைத்தார். வெளியே வரிசை நீண்டிருந்தது.

"உங்க அண்ணனுக்கு ஒரு வயலுல தண்ணி பாய்ச்சவே ஒரு வாரம் ஆயிருக்கும் போலிருக்கே," என்றார் டாக்டர்.

செவ்வந்தி சிரித்துவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "மில்லுக்காரன் எங்க போவான்?"

"அவரப் பத்தி எனக்குத் தெரியாதுக்கா. ஆனா வலி நிஜம். இந்தப் பல்லு யாரு வாயில இருந்தாலும் வலிக்கும்."

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்வது போல அந்தச் சொல் அவளுக்குள் வந்து சேர்ந்தது. வெடிப்பு வெடிப்பாக நனைந்தது. அவள் வாயைத் திறந்தாள். சாமி இரக்கம் காட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். ஒரு கை உயர்கிறது, இன்னொரு கை அதற்காக நிற்கிறது.

பல் வெளியே வந்துவிட்டது. கன்னம் மரத்துக் கிடந்தது. மில் ஓய்ந்து, அவித்த நெல்லின் ஆவி மட்டும் எங்கோ மிதப்பது போல இருந்தது. மற்றக் குரல்கள் எங்கும் போகவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்தன.

"கல்கண்டு வேணாம், அடிக்கடி தண்ணி குடிக்கட்டும். ரெண்டு வேளையும் நீங்க கூட நின்னு பல்லு தேய்க்க வைங்க. இன்னும் மூணு பல்லு அடைக்கணும், அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க," என்றார் டாக்டர்.

இராஜாங்கம் வராந்தாவில் நின்று இல்லத்துக்குப் போன் போட்டார். "திங்கக்கெழம நாங்க வரல சார். இல்ல, வேற நாளும் வேணாம்."

எழில்மொழி பஸ் ஏறிவிட்டாள். அண்ணனும் தங்கையும் வண்டியில் திரும்பினார்கள். இருபுறமும் பச்சை, பச்சைக்கு நடுவே நாரைகள் வெள்ளையாக நின்றன. பாதி வழியில், பஞ்சைக் கடித்தபடி செவ்வந்தி முணுமுணுத்தாள்.

"அண்ணா, காலுக்குள்ள நண்டு ஓடுது."

இராஜாங்கம் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டாண்டு போட்டு, தார்ச்சாலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் செருப்பைக் கழற்றினார். விரல் விரலாக விலக்கிப் பார்த்தார். காயமில்லை, முள்ளில்லை.

"எந்த எடத்துல ஓடுதும்மா? காட்டு."

அவள் கணுக்காலைத் தொட்டுக் காட்டினாள். அவர் அந்த இடத்தைப் பிடித்து மெல்ல நீவிவிட்டார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது.

"இப்ப?"

"மெதுவா ஓடுது."

"சரி," என்று அவர் இன்னும் கொஞ்சம் நீவினார்.