வாஷர் போதும்

எங்கள் கடையை மூடிய பிறகு என் கணவருக்கு வேலை கொடுத்தது, அதை மூட வைத்த அதே பெரிய கடைதான். நான் அங்கே ஆறு மாதமாக பில் போட்டுக்கொண்டிருந்தேன். மேலாளர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, குழாய், பூட்டு விற்கும் பகுதியில் அவரைச் சேர்த்துவிட்டேன். மூன்று மாதம் பார்ப்பார்கள். ஒத்துவந்தால் வேலை நிரந்தரம். ஐம்பத்தாறு வயதில் அவரை வேறு எவன் கூப்பிடுவான்?

இருபத்திரண்டு வருடம் ஹார்டுவேர் கடை நடத்தியவர். கடைசி ஒரு வருடம் ஈ ஓட்டினோம். தெருக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானே பெரிய கடையில்தான் சோப்பு வாங்கினேன்.

அவருக்கு ஒரு பழக்கம். கெட்டுப்போன சாமானை யாராவது கொண்டுவந்தால் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் கண்ணை வேறு மூடிக்கொள்வார். பிறகு, "இதுக்குப் புதுசு எதுக்கு?" என்பார். இன்றைக்கு ஒரு வாஷரோடு போகிறவர்கள் நாளைக்கு வீடு கட்டும்போது நம்மிடம்தான் வருவார்கள் என்பது அவர் நம்பிக்கை. பெரிய கடைக்கு அந்தக் கவலை கிடையாது. ஊரில் போக வேறு கடையே இல்லையே.

முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னேன். "உங்க வைத்தியத்தை இங்க காட்டாதீங்க. கேட்டதை எடுத்துக் குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க."

"சரி தாயே," என்றார்.

இரண்டு மாதம் இருபது நாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பெண்மணி பையில் பழைய குழாயோடு வந்தாள். என் கவுன்ட்டரிலிருந்து எல்லாம் தெரிந்தது. அவர் குழாயை வாங்கினார், திருப்பினார், கண்ணை மூடினார்.

"வாஷர்தாம்மா தேஞ்சிருக்கு. புதுக் குழாய் வேண்டாம், வாஷர் போதும்."

"அது எங்க இருக்கு?"

"இங்க விக்கிறதில்ல. பின்தெரு சைக்கிள் கடையில கேளுங்க, பழைய டியூபுல வெட்டிக் குடுப்பாங்க."

அவள் சிரித்த முகத்தோடு வெறுங்கையாகப் போனாள். ஊழியர்கள் எப்படி விற்கிறார்கள் என்று பார்க்கத் தலைமை அலுவலகம் அனுப்பிய ஆள் அவள். சாயங்காலமே மேலாளர் என்னைக் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர்.

"நல்ல மனுஷன்தான் அக்கா. ஆனா இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டாரு. நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க."

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கத்தினேன். "இன்னும் பத்தே பத்து நாள். அந்த வாயைக் கட்ட முடியலையா?"

அவர் சீருடைச் சட்டையை மடித்து நாற்காலியில் வைத்தார். "நல்ல பித்தளைக் குழாய். தூக்கிப் போடச் சொல்ல மனசு வரல," என்றார். எனக்குக் கோபம் போய் அழுகை வந்துவிட்டது.

மறுவாரம் அவர் இடத்தில் என்னையே போட்டார்கள். சாமான்களைப் பற்றி எனக்குத்தான் தெரியுமாம். முடியாது என்று சொல்ல நான் யார்? வீட்டில் இப்போது ஒரு சம்பளம்தான்.

இரண்டாம் நாள் எங்கள் தெருத் தையல்காரி ஒரு பூட்டோடு வந்தாள். இருபது வருடமாக எங்கள் கடையில் வாங்கியவள்.

"அண்ணன் இல்லையா அண்ணி?"

"இல்ல."

"சாவி சுத்த மாட்டேங்குது. சரி பண்ண முடியுமா, புதுசுதான் வாங்கணுமா?"

வாங்கிப் பார்த்தேன். உள்ளே தூசி அடைத்திருந்தது, அவ்வளவுதான். ஊதிவிட்டு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் இன்னும் பத்து வருடம் உழைக்கும். அலமாரி வரிசையின் கடைசியில் மேலாளர் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"புதுசே வாங்கிடுங்க," என்றேன்.

அவள் நான் எடுத்துக் கொடுத்த பூட்டின் விலையைக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க சொன்னா சரிதான் அண்ணி. வேற யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."