இடதுபக்கப் பை

லிஃப்ட் பழுது பார்க்கிறவன் நான். கருவிப்பையை இரண்டு முறை சரிபார்க்காமல் எந்தக் கட்டடத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. அப்படிப்பட்டவன் கம்பி இல்லாமல் கூடாரம் எடுத்துக்கொண்டு போனேன் என்றால் யார் நம்புவார்கள்?

மனைவியும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் கடல்வரைக்கும் போவதாக இருந்தோம். அதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் அழவில்லை. சொந்தக்காரர்கள் என்னைத் தைரியசாலி என்றார்கள். தைரியமாவது மண்ணாவது! பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தேன், அவ்வளவுதான்.

தனியாகவே கடலுக்குப் போகிறேன் என்றதும் மகள் குதித்தாள்.

"உங்களுக்கென்ன பைத்தியமாப்பா? முதல்ல ஒரே ஒரு ராத்திரி வெளியில தங்கிக் காட்டுங்க. முடியலைன்னா ரெண்டு சைக்கிளையும் யாருக்காவது குடுத்துடலாம்."

சரி என்றேன். என்னிடம் மிச்சமிருந்தது அந்தப் பயணம் ஒன்றுதான். அதுவும் போனால் காலையில் எதற்காக எழுந்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை கிளம்பினேன். சைக்கிள் கேரியரில் என் பை எப்போதும் வலப்பக்கம்தான் தொங்கும். அதனால் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே ஓட்டவேண்டும். மனைவியோடு சைக்கிளில் சுற்றிய பல வருடப் பழக்கம். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, இறக்கத்தில் காற்று அடித்தது. சாயங்காலம் ஏரி வந்தது. அழகாகத்தான் இருந்திருக்கும்.

ஏரிக்கரையில் கூடாரம் போடும் முகாமின் காவலாளி காட்டிய இடத்தில் பையைக் கொட்டினேன். கூடாரத் துணி, முளைகள், கயிறு, சுத்தியல் எல்லாம் இருந்தன. கம்பிகளைக் காணோம்.

காவலாளி வந்து பார்த்தார். "சார், கூடாரம்னு சொல்லிப் போர்வையை வித்துட்டாங்களா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. மகளுக்குப் போன் போட்டேன்.

"கூடாரக் கம்பியை எங்கம்மா வச்சே?"

"நான் எங்கப்பா தொட்டேன்? அது அம்மா பையிலதானே இருக்கும்?"

ஆமாம். சிக்கனம் பார்த்து ஒரே ஜோடிப் பை வாங்கி, வலது எனக்கு, இடது அவளுக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தோம். துணி என் பொறுப்பு, கம்பி அவள் பொறுப்பு. நான் வீட்டில் இரண்டு முறை சரிபார்த்தேன். என் பங்கு ஒன்றுகூடக் குறையவில்லை.

"வீட்டுக்கு வந்துடுங்கப்பா," என்றாள்.

"வரமாட்டேன்."

கருவிகள் போட்டுவைக்கும் அறையில் படுக்கச் சொன்னார் காவலாளி. அதற்கும் மாட்டேன் என்றேன். வெளியில் என்றால் வெளியில்தான். மரத்துக்கும் சைக்கிளுக்கும் நடுவே கயிறு கட்டித் துணியைப் போட்டு அடியில் புகுந்துகொண்டேன். பனி இறங்கியது, முதுகில் கல் குத்தியது. பயம், துக்கம், எதுவும் இல்லை. தூங்கிவிட்டேன்.

மறுநாள் வீடு திரும்பியபோது மகள் வாசலிலேயே நின்றாள். "பிடிவாதத்துல உங்களை அடிச்சுக்க ஆளில்லை," என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போனாள்.

படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய இடதுபக்கப் பையை எடுத்தேன். மனைவி போனபிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. கம்பிகளைத் துண்டில் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். அவள் முடிச்சை அவிழ்க்க எனக்கு என்றைக்குமே வந்ததில்லை.

"கத்தரிக்கோல் தரட்டுமாப்பா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

இரண்டு பைகளையும் என் சைக்கிளிலேயே மாட்டினேன். வலது வலப்பக்கம், இடது இடப்பக்கம். ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று தெருவில் இறங்கினேன்.

பாரம் இரண்டு பக்கமும் சமம். சைக்கிள் நேராகத்தான் போனது. நான்தான் பழைய ஞாபகத்தில் இடப்பக்கம் சாய்ந்து விழப்போனேன். நிமிர்ந்து மிதித்தால் மறுபடியும் சாய்ந்தேன்.

காலை ஊன்றி நின்றேன். அப்போதுதான் வலித்தது. நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.