அசினெல்லி கோபுரத்தில் ஏறாதவர்கள்

இத்தாலியின் பொலோனியாவில் படிக்க நினைக்கிறவர்கள் அசினெல்லி கோபுரத்தில் ஏற மாட்டார்கள். பட்டம் வாங்குவதற்கு முன்னால் ஏறினால் பட்டமே கிடைக்காது என்று பேச்சு. நம்புகிறாயா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் ஏற மாட்டார்கள்.

எங்கள் கடைசி ஆண்டு வகுப்புச் சுற்றுலா அந்த ஊரில்தான் முடிந்தது. எங்கள் ஊரான ஃபாப்ரியானோவிலிருந்து பேருந்தில் கிளம்பி ராவென்னாவும் ஃபெராராவும் பார்த்துவிட்டு வந்திருந்தோம். கூட வந்த மெங்கோனி சார் எங்களுக்கு மொழியும் வரலாறும் எடுப்பவர். ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் எங்களில் ஒருவர் நின்று மற்றவர்களுக்கு விளக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு.

எனக்கு விழுந்தது ஃபெராராவின் கோட்டை. அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். அகழியின் ஓரத்தில் போய் நின்றதும் வாய் திறக்க வராமல் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். தண்ணீரில் ஒரு வாத்து கத்தியது.

"ஓர்னெல்லா ஆரம்பிச்சுட்டா" என்றான் வகுப்பிலிருந்த லோரிஸ், என்னைக் காட்டி.

சார்கூடச் சிரித்துவிட்டார். பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி லோரிஸிடமே கொடுத்தார். அவன் நன்றாகவே பேசினான்.

பொலோனியா போகும் வழியில் சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்பாகத்தான் பேசினார். பள்ளியில் எழுத்துத் தேர்வும் இருப்பதால் நீ தப்பித்தாய், பல்கலைக்கழகத்தில் பேராசிரியரின் எதிரே உட்கார்ந்து வாயால் பதில் சொல்லித்தான் தேற வேண்டும் என்றார். நம் ஊர் அடுப்புத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் ஆள் எடுக்கிறார்கள், உன் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன், அவருக்கும் சம்மதம் என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு எதற்கும் தலையாட்டித்தான் பழக்கம்.

பொலோனியாவில் வேதியியல் படிக்க வேண்டும் என்பதை என் தோழி மிர்த்தாவிடம் மட்டுமே சொல்லியிருந்தேன். அம்மாவிடம் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் சார் பேசிவிட்டார்.

கோபுரத்தின் அடியில் சார் ஆட்களைப் பிரித்தார். பல்கலைக்கழகம் போகிறவர்கள் அவரோடு கீழே நிற்க வேண்டும். மற்றவர்கள் உடற்பயிற்சி ஆசிரியரோடு மேலே போகலாம். மிர்த்தாவும் இன்னும் மூன்று பேரும் சாரின் பக்கம் போனார்கள். நான் நடுவில் நின்றேன்.

சார் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நீ ஏறும்மா. உனக்கென்ன போச்சு."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

நான் நடந்துபோய் மிர்த்தாவின் பக்கத்தில் நின்றேன்.

"படிக்கட்டப் பாத்தே மயக்கம் வந்துடுச்சு போல" என்றான் லோரிஸ்.

"நான் ஏறல" என்றேன். "நானும் பட்டம் வாங்கணும்."

உரித்த தோலை என்ன செய்வதென்று தெரியாதவர்போல் சார் கையிலேயே வைத்துக்கொண்டார். "வாயத் திறக்காம எப்படிம்மா வாங்குவே?"

"இப்பக் கேளுங்க. இங்கயே."

"எதைப் பத்தி?"

"உங்களுக்கு எது தோணுதோ அதைப் பத்தி."

ஏறப் போனவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் அவர்களை உள்ளே தள்ளினார். சார் வகுப்பில் கேட்பதுபோல முதுகை நிமிர்த்திக்கொண்டார். இதைக் கட்டியது யார் என்று கேட்டார். அசினெல்லி குடும்பம் என்றேன். எப்போது என்று கேட்டார். தவறாகச் சொன்னேன். திருத்தினார். பேருந்து ஒன்று கடந்துபோனதில் நான் சொன்ன அடுத்த பதில் கேட்கவில்லை என்றார். மறுபடி சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. மூன்றாம் முறை கத்திச் சொன்னேன். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தது.

பக்கத்துக் குட்டைக் கோபுரம் ஏன் இவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கேட்டார்.

"ஒரு பக்கம் மண்ணு அதிகமா அமுங்கிடுச்சு. விழுந்துடும்னு பயந்து மேல்பகுதிய இடிச்சுட்டாங்க, அதான் குட்டை. அடியில இருக்கறது ஜிப்சம் கல்லு சார். ஈரம் பட்டா கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். சூடு பட்டாலும் அதுக்குள்ள இருக்கற தண்ணி போயி உதிர ஆரம்பிக்கும்."

"நான் வரலாறு கேட்டேன். நீ வேதியியல் சொல்றே."

"கோபுரம் ஒண்ணுதானே சார்."

மிர்த்தா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாத இடங்களில் தெரியாது என்றேன். அப்படிச் சொன்னால் ஒன்றும் ஆகிவிடுவதில்லை என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஆறு" என்றார் கடைசியில். "அதுக்கு மேல தர முடியாது."

பத்துக்கு ஆறு. தேறுவதற்கு அது போதும்.

"போதும் சார்."

அவர் ஆரஞ்சில் பாதியை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். உன் அம்மாவிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார்.

"வேண்டாம் சார். நானே பேசறேன்."

மேலே போனவர்கள் வியர்வையோடு இறங்கி வந்தார்கள். லோரிஸ் என்னைப் பார்த்து, "சார் கேட்டாரே, பேசினியா, இல்ல வாத்து பேசிச்சா?" என்றான்.

"ஆறு வாங்கினேன்" என்றேன். "வாத்துக்குத் தனியாத் தேர்வு வெப்பாங்க. நீ போய் எழுது."

கைபேசியை எடுத்து அம்மாவின் எண்ணை அழுத்தினேன். மணி அடிக்கத் தொடங்கியது. வகுப்பு முழுக்க என்னைச் சுற்றி நின்றது. நான் ஓரமாகப் போகவில்லை.