சாரதாம்பாளின் இரண்டு இடது கைகள்

மெர்டேக்கா எனும் சுதந்திர நாள் நெருங்க நெருங்க காஜா பெராங் வட்டாரத்தில் எல்லாருக்கும் புதுத்துணி ஆசை பிடித்துக்கொண்டது. துணியெல்லாம் சந்திரமதியின் சன்னலுக்குத்தான் வந்தது. சன்னலை ஒட்டித் தையல் மிஷின். போகிறவர்கள் நின்று பேசுவார்கள். பேசிவிட்டு, முனையில் மஞ்சள் தொட்ட துணியை உள்ளே நீட்டுவார்கள். மஞ்சளோடு வந்த துணியைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வராது.

ஒவ்வொரு பண்டிகைக்கும் இதே கதை. ஊருக்கெல்லாம் தைத்துவிட்டுத் தன் வீட்டுத் துணியைக் கடைசிக்கு வைப்பாள். அந்தக் கடைசி வருவதேயில்லை. போன தீபாவளியன்று மகள் விஜயா பழைய பாவாடையில் கோயிலுக்குப் போனாள். சந்திரமதி மிஷின்மேல் தலைசாய்த்துத் தூங்கிப்போனாள்.

இந்த முறை விஜயா பண்டார் ஹிலிர் திடலில் பள்ளிப் பிள்ளைகளோடு பாடப்போகிறாள்.

"நீ வருவியாம்மா? இல்ல, தச்சிக்கிட்டே இருப்பியா?"

"வராம எங்க போறேன்?"

சொல்லிவிட்டாளே தவிர, தாய்க்கும் மகளுக்கும் எடுத்த துணி அடுக்கின் அடியில் கிடந்தது.

அன்று அரிசிக்கடைக்காரர் மனைவி சாரதாம்பாள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செமாபோக்கில் நடந்த கல்யாணத்துச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்திரமதி அவளுடைய பட்டு ரவிக்கையை வெட்டிக்கொண்டே கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பந்தியைவிட்டு எழுந்த இடத்தில் இரண்டாவது கையை வெட்டினாள். துணியைத் திருப்பிப்போட மறந்திருந்தாள்.

"என்னடி முழிக்கிற?"

"ரெண்டும் இடது கையாப் போச்சுக்கா."

"எனக்கு வலது கை இருக்குடி! அதாலதான் ஒன் தலையில குட்டப்போறேன்."

மீதித் துணி ஒரு கைக்குப் போதாது. சாரதாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

சந்திரமதி இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். கண்ணில் குறையில்லை. கத்திரியிலும் குறையில்லை. தைக்கும்போது பேசலாம், கோணினால் பிரித்துவிடலாம். வெட்டியதைப் பிரிக்க முடியாது.

மறுநாள் காலை சன்னலைச் சாத்தினாள்.

"வெள்ளக்காரத் தொரை மூட்ட கட்டுறான், இங்க தொரைசானி கதவச் சாத்திட்டாடி!" என்று தெருவில் யாரோ கத்தினார்கள். சிரிப்பு கேட்டது. அவள் அடுக்கின் அடியிலிருந்து விஜயாவின் துணியை உருவினாள். அதை வெட்டினாள். பிறகு தன்னுடையதை.

மத்தியானம் சன்னலைத் திறந்தாள். தைத்துக்கொண்டே வயிறார வம்பு பேசினாள். ஒருத்தி புதுத்துணியை நீட்டினாள்.

"மஞ்சள மட்டும் எடுத்துக்கிறேன்க்கா. துணி தீபாவளிக்கு வரட்டும்."

முனையில் விரலை ஒற்றி மிஷினின் நெற்றியில் வைத்தாள். துணியைத் திருப்பிக் கொடுத்தாள்.

வந்தவள் மிஷினைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "நல்லா இருக்குடி ஒன் நியாயம்" என்று கிளேபாங்கில் வேறு ஆள் தேடிப் போனாள். வானம் இடிந்து விழவில்லை.

பொழுது சாய்ந்ததும் மிஷினுக்கு உறை போட்டாள்.

சாரதாம்பாள் வீட்டுக்குத் தானே போனாள். "ரவிக்கைக்கு ஜோடியா எடுத்த பட்டுச் சேலையக் குடுங்கக்கா. இடுப்புல சொருகுற உள்முனையில ஒரு சாண் எடுத்துக்கிறேன். வெளிய தெரியாது."

"அதையும் எடது கையா வெட்டிட்டீன்னா?"

"காலையில வெட்டுவேன். நீங்க மத்தியானம் வந்து பேசுங்க."

சாரதாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலையைக் கொடுத்தாள்.

மெர்டேக்கா அன்று திடலில் எள் போட இடமில்லை. விஜயா முதல் வரிசையில் நின்றாள். பாவாடை புதுமடிப்புக் கலையாமல் இருந்தது. பாடும்போதே தலைகளுக்கு மேலே கண்ணை ஓட்டி அம்மாவைத் தேடினாள். கண்டுபிடித்தாள். அதன்பின் அவள் குரல் தனியாகக் கேட்டது. சந்திரமதிக்காவது அப்படித் தோன்றியது.

வீட்டில் ஊரார் துணி இன்னும் வெட்டாமல் கொஞ்சம் இருந்தது. அது அங்கேயே இருந்தது.

"மெர்டேக்கா!" என்று கூட்டம் முழங்கியது. பக்கத்தில் சாரதாம்பாள், சரிகைக் கரை மின்ன இரண்டு கைகளையும் தூக்கினாள். ஒன்று இடது, ஒன்று வலது.

சந்திரமதியும் தூக்கினாள். புது ரவிக்கை. அக்குளில் எங்கேயும் பிடிக்கவில்லை. இன்னும் உயரத் தூக்கினாள்.